கேள்வி-பதில்: ஹோஸில் மாட்டும் ஃபில்டரும் மாட்டிக்கொள்ளும் நாமும்

செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸில் ஃபில்டர் மாட்டுவது பற்றி வந்த கடிதங்கள் இவை. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். ஒருவர் தன் செடிகளின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தார். மன்னிக்கவும், இடமில்லை.

கேள்வி: தோட்டத்து ஹோஸுக்கு ஒரு ஃபில்டர் வாங்கலாமென்று இருக்கிறேன். எது நல்லது?

பதில்: எதை வடிகட்ட? அதை எழுதவே இல்லையே. மணலும் துருவும் வந்தால் கசடு ஃபில்டர். குளோரின் வாடை என்றால் கரி ஃபில்டர். உப்பு என்றால் இரண்டும் உதவாது, பணம் பையிலேயே இருக்கட்டும். ஒரு வெள்ளை வாளியில் தண்ணீர் பிடியுங்கள், பிடிக்கும்போதே முகர்ந்து பாருங்கள். ராத்திரி முழுக்க அசையாமல் வைத்துவிட்டு, காலையில் அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பாருங்கள். வாடையும் இல்லை, கசடும் இல்லை, செடியும் நன்றாக இருக்கிறது என்றால் ஃபில்டரே வேண்டாம். குழாய்த் தண்ணீரில் வழக்கமாக இருக்கும் அளவு குளோரினைப் பெரும்பாலான செடிகள் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: இலைகளிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிகிறது. "எல்லாவற்றையும் எடுத்துவிடும்" என்று சொல்லி ஒரு கரி ஃபில்டர் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகியும் நிற்கவில்லை. உள்ளே கரி இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். அந்த வெள்ளைப் படிவில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு வகை. தண்ணீரில் கரைந்து வரும் கால்சியமும் மெக்னீசியமும்தான் காய்ந்ததும் இப்படிப் படிகின்றன. கரி அதைத் தொடவே தொடாது, புதுக் கரியும் தொடாது. அடுத்து யாராவது சாஃப்ட்னர், அதாவது கடினநீரை மென்னீராக்கும் கருவி, வாங்கச் சொல்வார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். துணி துவைக்கச் சரி, மண்ணுக்கு ஆகாது. மழைநீர் சேர்க்க முடிந்தால் கலந்து விடுங்கள். தண்ணீரை இலையில் அடிக்காமல் வேரில் விடுங்கள்.

விற்றவர் வாயால் மட்டும் சொன்னாரா, பெட்டியிலும் "உப்பு நீக்கும்" என்று அச்சிட்டிருக்கிறதா? அச்சிட்டிருந்தால் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். போனில் பேசினால் அது காற்றோடு போய்விடும்.

கேள்வி: ஃபில்டர் விற்பவர் வீட்டுக்கு வந்தார். எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரிலும், "ஃபில்டர் தண்ணீர்" என்று தன் பாட்டிலில் இருந்ததை இன்னொன்றிலும் ஊற்றி, கரண்டில் ஓடும் கம்பிகளை விட்டார். எங்கள் தண்ணீர் சேறு மாதிரி பழுப்பாகிவிட்டது, அவருடையது தெளிவாகவே இருந்தது. பயந்துபோய் வாங்கிவிட்டேன். இப்போது வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள். சிரிப்பவர்களுக்கும் அன்று அந்த டம்ளரைக் காட்டியிருந்தால் அவர்களும் பணத்தை எடுத்திருப்பார்கள். இந்த வித்தையைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் தீராது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பிகளில் ஒரு ஜோடி இரும்பு. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் அதில் மின்சாரம் ஓடும். ஓடினால் இரும்பு கரைந்து துருவாகிக் கலங்கும். நீங்கள் பார்த்த அழுக்கு உங்கள் தண்ணீரில் இருந்ததே இல்லை, அவருடைய கம்பியிலிருந்து வந்தது. பாட்டிலில் அவர் கொண்டுவந்தது உப்பு நீக்கிய தண்ணீராக இருக்கும். அதில் மின்சாரம் சரியாக ஓடாது, கம்பியும் கரையாது, டம்ளர் பளிச்சென்று இருக்கும். அந்தப் பளிச் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லிப் பாருங்கள். அதுவும் அதே சேறாகும். குடிக்கத் தகுந்த, தாது உள்ள நல்ல தண்ணீரும் இந்தச் சோதனையில் அசிங்கமாகத்தான் தெரியும். கிருமியோ ரசாயனமோ இருந்தால் இது காட்டிக்கொடுக்காது.

இதில் இன்னொரு அநியாயம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்களுக்கு விற்றது கரி ஃபில்டர். கரி உப்பை நீக்காது என்று மேலேயே சொன்னேன். அப்படியானால் அவர் விற்ற ஃபில்டரிலிருந்து வரும் தண்ணீரில் அதே கம்பியை விட்டால் அதுவும் பழுப்பாகத்தானே ஆகும்? அதனால்தான் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தார். புகார்க் கடிதத்தில் இந்த ஒரு விஷயத்தை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்: "செய்துகாட்டியது இந்தக் கருவியின் தண்ணீரில் அல்ல." முதலில் விற்ற நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள், அசையாவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போங்கள். டி.டி.எஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டுவது) நீட்டிப் பயமுறுத்துகிறவர்களும் இதே பந்திதான். அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்து உப்பைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: ஃபில்டர் மாட்டியபின் ஹோஸ் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: கூடாது. ஃபில்டரைத் தாண்டியதும் அது போவது அதே ஹோஸுக்குள்தானே.

கேள்வி: புது ஃபில்டரிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வருகிறது. போலியா?

பதில்: கரித்தூள். தெளியும்வரை ஓடவிடுங்கள்.

கேள்வி: ஃபில்டரைக் குழாயில் மாட்டினேன், கசிந்தது. டெஃப்ளான் டேப் இருபது சுற்று சுற்றி ஸ்பேனரால் இறுக்கினேன். இப்போது ஹவுசிங் (கார்ட்ரிட்ஜை உள்ளே வைக்கும் கூடு) விரிசல் விட்டுவிட்டது. வாரண்டியில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.

பதில்: மறுக்கத்தான் செய்வார்கள். இந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, என்ன செய்ய?

முக்கால் அங்குலம் என்ற ஒரே பெயரில் இரண்டு மரைகள் விற்கின்றன. அமெரிக்க அளவில் செய்த ஹோஸ் மரையில் அங்குலத்துக்கு 11.5 சுற்று. பிளம்பர் பயன்படுத்தும் குழாய் மரையில் 14. ஒன்றில் மற்றொன்றை மாட்டினால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும். அந்த இடத்தில் நிறுத்தி அடாப்டர் வாங்க வேண்டும், நீங்கள் ஸ்பேனரை எடுத்தீர்கள். ஹோஸ் மரையில் கசிவை நிறுத்துவது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான். டேப் அங்கே வெறும் அலங்காரம். வாஷர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், நானும் ஒன்றை உடைத்தவன். ஃபில்டர் ஹவுசிங்கின் கிண்ணத்தைத் திறக்கக் கொடுத்த சாவியால் மூடவும் செய்தேன், "இன்னும் கால் சுற்று" என்று. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி, ஹோஸ் நுனியில் இருந்த தண்ணீர்த் துப்பாக்கி மூடியிருக்க, குழாய் திறந்தபடியே கிடந்தது. அழுத்தம் முழுவதும் கிண்ணத்தில். காலையில் செருப்புகள் முற்றத்தில் மிதந்துகொண்டிருந்தன. சாவி திறக்க மட்டும், மூடக் கை போதும். வேலை முடிந்தால் துப்பாக்கியை மட்டும் மூடிவிட்டுப் போகாமல் குழாயை மூடுங்கள். கிண்ணம் கசியாமல் காக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குப் பூசுவது சிலிக்கான் கிரீஸாக இருக்கட்டும். வாசலின் பல ரப்பர்களை ஊதவைத்துவிடும்.

கேள்வி: சின்னக் குளத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஹோஸில் "குளோரின் 99% நீக்கும்" ஃபில்டரை மாட்டி நிரப்பினேன். மறுநாள் மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன. என் மகள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

பதில்: படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. உங்கள் மகளிடம் இது உங்கள் அலட்சியத்தால் நடக்கவில்லை என்று சொல்லுங்கள்.

இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம். கரி வேலை செய்யத் தண்ணீர் அதன் மேல் கொஞ்ச நேரம் தங்க வேண்டும். குழாயை முழுக்கத் திறந்தால் தங்காது. அந்த 99% மெதுவாக ஓடும் தண்ணீரில் அளந்ததாக இருக்கும், எவ்வளவு மெதுவாக என்பது பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கும். தேடிப் பாருங்கள். இன்னொன்று, சில இடங்களில் தண்ணீரில் குளோரினுக்குப் பதில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலக்கிறார்கள். சாதாரணக் கரிக்கு அதைப் பிடிக்க இன்னும் அதிக நேரம் வேண்டும். வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோரமின் போகாது. இரண்டுமே மிகச் சிறிய அளவிலேயே மீனின் செவுளைப் பாதிக்கும்.

இனி நிரப்பும்போது குளோரமினையும் நீக்கும் என்று எழுதியிருக்கும் மீன்தொட்டி மருந்தைத் தண்ணீரின் அளவுக்குப் போடுங்கள். சோதனைத்தாள் வாங்கினால் "மொத்தக் குளோரின்" காட்டுவதாக வாங்குங்கள். தனிக் குளோரினை மட்டும் காட்டும் தாள் குளோரமினைத் தவறவிடும். குளத்தில் ஒரே நாளில் இவ்வளவு தண்ணீர் மாற்றவும் வேண்டாம். பெட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்து, அடியில் எறும்பு எழுத்து, இரண்டையும் படம் எடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மீனுக்கு விலை போட முடியாது, ஃபில்டருக்குப் போடலாம்.

கேள்வி: இணையத்தில் மலிவாக வாங்கினேன். கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது, அந்த அளவு எங்கேயும் கிடைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன், பில்லும் இல்லை. போன தடவை பம்ப் வாங்கியபோதும் இப்படித்தான் ஆனது. என்ன செய்யலாம்?

பதில்: போன தடவையே "பில்லை வையுங்கள்" என்று இதே பக்கத்தில் உங்களுக்குச் சொன்னேன். வாங்கிய தளத்தில் உங்கள் பழைய ஆர்டர்கள் இருக்கும், அங்கே பில் கிடைக்கலாம். அடுத்ததாவது 10 அங்குல நீளம், 2.5 அங்குல விட்டம் உள்ள கார்ட்ரிட்ஜ் ஏற்கும் ஹவுசிங்காக வாங்குங்கள். அந்த அளவை எத்தனையோ பேர் செய்கிறார்கள். முதலில் கார்ட்ரிட்ஜ் கிடைக்கிறதா என்று தேடுங்கள், அப்புறம் ஹவுசிங். இன்னொரு கடிதம் வேண்டாம்.

கேள்வி: ஃபில்டர் மாட்டியதும் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. கண்ணாடிக் கிண்ணம் உள்ளே பச்சையாகவும் இருக்கிறது.

பதில்: ஒரு மைக்ரான் கார்ட்ரிட்ஜ் போட்டிருப்பீர்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள். மைக்ரான் என்பது துளையின் அளவு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; எண் சின்னதானால் துளையும் சின்னது. செடிக்கு 20 அல்லது 50 தாராளம். சொட்டுநீர் குழாய்க்கே 120 மெஷ், அதாவது 130 மைக்ரான் அளவு, பெரும்பாலும் போதும். பச்சை என்பது பாசி. வெயில் படும் இடத்தில் உள்ளே தெரியும் கிண்ணத்தை மாட்டினால் வளரும். நிழலுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் மேலே ஒரு பழைய துணிப்பையை மாட்டிவிடுங்கள்.

கேள்வி: ஹோஸ் மேல் காந்தத்தைக் கவ்விவிட்டால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகுமாமே?

பதில்: என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஃபிரிட்ஜ் கதவில் மின்கட்டண ரசீதைப் பிடித்துக்கொள்கின்றன.