தைப்பிங்குக்குக் குடிபோவது யார்?

வாசகர் கேள்வி: எனக்கு 39 வயது. செந்தூலில் அடுக்குமாடி வீடு, 2016-இல் வாங்கியது. வங்கித் தவணை 1,250 ரிங்கிட். கட்டடங்களில் குளிர்சாதனப் பராமரிப்பு மேற்பார்வையாளராக 5,200 ரிங்கிட் சம்பளம் வாங்குகிறேன். மனைவி காப்புறுதி அலுவலகத்தில் குமாஸ்தா, 2,900 ரிங்கிட். மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள், மகனுக்கு ஐந்து வயது. தைப்பிங்கில் காலஞ்சென்ற அப்பா கட்டிய வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். 68 வயது, நீரிழிவு. கோலாலம்பூர் வாழ்க்கை அலுத்துவிட்டது. செந்தூல் வீட்டை விற்று, அந்தப் பணத்தில் அப்பாவின் வீட்டைப் புதுப்பித்துக் குடும்பத்தோடு அங்கே போய்விடலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் காப்பகம் 850, பெட்ரோல், டோல், கார் நிறுத்தம் 650 என்று மாதம் 1,500 ரிங்கிட் மிச்சமாகும். மனைவிக்கு அங்கே ஏதாவது வேலை கிடைக்கும். நான் மட்டும் வார நாள்களில் இங்கே 600 ரிங்கிட்டுக்கு ஓர் அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை ரயிலேறிவிடுவேன். இது சரியான முடிவா?

பதில்:

ஐயா, குடும்பத்தோடு போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரிக்கு வரும்போது நீங்கள் போகவில்லை. குடிபோவது உங்கள் மனைவியும் பிள்ளைகளும். போகும் இடம் மாமியார் வீடு. வேலையை விடுபவரும் அவர்தான், நாளைக்கு அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்போகிறவரும் அவர்தான். இதைப்பற்றி அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

இடிஎஸ் மின்ரயில் 2015-இல் வடக்கு எல்லையிலுள்ள பாடாங் பெசார்வரை ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த ஆசை பலருக்கு வந்திருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரம், தைப்பிங்குக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். காகிதத்தில் பார்த்தால் பெரிய தூரமில்லை. நானும் நம்பினேன். இரண்டு ஆண்டுகள் குடும்பம் கம்பாரில், நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வேறு செய்தி எதுவும் இல்லை, காய்ச்சல்மானி மட்டும்: 39.4. மகனை மடியில் வைத்துக்கொண்டு மனைவி ஒரு கையால் எடுத்த படம், ஓரத்தில் அவன் சட்டைப் பொத்தான் தெரிந்தது. கடைசி ரயில் போய்விட்டது. அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். விடிந்ததும் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் பக்கத்து வீட்டு அக்கா. வெள்ளிக்கிழமை மாலை நான் போய்ச் சேர்ந்தபோது பையன் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் யாரும் அந்த இரவைப் பற்றிப் பேசவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு உறைத்தது. இன்னொன்றும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை வடக்கே போகும் ரயிலிலும் தீபாவளி வார ரயிலிலும் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது.

இனி உங்கள் கணக்கு. 1,500 மிச்சம் என்கிறீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது நாடு முழுவதும் ஒன்றுதான், ஆகவே அடிமட்டச் சம்பளக்காரருக்குச் சிறுநகரத்தில் இழப்பு அதிகமில்லை. அடிபடுவது உங்கள் மனைவியைப்போல் அனுபவத்தால் மேலேறி வந்தவர்களுக்குத்தான். அங்கே அவருக்கு 2,000 கிடைத்தாலும் மாதம் 900 குறைகிறது. உங்கள் அறைக்கு 600. காரை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் மாதம் 50 ரிங்கிட் மை50 பயண அட்டையில் ஓடலாம், இரண்டாவது கார் தேவைப்படாது, அதுவரைக்கும் நல்லது. ஆனாலும் 900, 600, 50 சேர்ந்தால் 1,550. உங்கள் மிச்சம் முழுதும் கரைந்து 50 ரிங்கிட் கையைக் கடிக்கிறது. மாதத்துக்கு எட்டு ரயில் டிக்கெட்டை நான் இன்னும் எழுதவே இல்லை.

வேலையே கிடைக்காவிட்டால் இன்னொரு துவாரம் திறக்கும். 2,900 ரிங்கிட் சம்பளத்தில் மனைவியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடுமாக இபிஎப் எனும் ஊழியர் சேமநிதிக் கணக்கில் மாதம் ஏறக்குறைய 700 ரிங்கிட் சேர்கிறது. அது நின்றுபோகும். வீட்டுச் செலவில் தெரியாது, அவருடைய அறுபதாவது வயதில் தெரியும். இபிஎப்பின் ஐ-சாயாங் திட்டத்தில் கணவரின் சந்தாவிலிருந்து 2 விழுக்காட்டை மனைவி கணக்குக்கு மாற்றலாம். செய்யுங்கள், ஆனால் அது ஒட்டுப்போடும் வேலைதான்.

அவர் வேலையை விடுவதற்கு முன் ஒரு வழி பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து நடப்பிலுள்ள தொழிலாளர் சட்டத் திருத்தத்தின்படி, வேலை செய்யும் நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காப்புறுதிக் கோப்புகளில் பெரும்பகுதி இன்று கணினியில்தான் நகர்கிறது. வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து என்று ஆரம்பித்தாலும் பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு.

இப்போது எனக்கு அதிகக் கவலை தருவது அப்பாவின் வீடு. நிலப்பட்டா, நாம் 'கிராண்ட்' என்கிறோமே, அதில் இன்று யார் பெயர் இருக்கிறது? நம்மவர்களிடம் இதைக் கேட்டால் பத்துக்கு ஏழு பேர் "அப்பா பெயரில்தான் இருக்கிறது, அம்மா இருக்கும்போது எதற்குக் கிளற வேண்டும்" என்பார்கள். உயில் எழுதாமல் இறந்த இந்துவின் சொத்துக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். இறந்தவரின் பெற்றோர் முன்பே காலமாகியிருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லோருக்குமாக மூன்றில் இரண்டு பங்கு. உங்களுக்கு உடன்பிறந்தவர் இருவர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு ஒன்பதில் இரண்டு. செந்தூல் வீட்டை விற்று ஒரு லட்சத்தை அந்தச் சுவர்களில் பூசினால், ஒன்பதில் ஏழு பங்கு அடுத்தவர் சொத்தில் பூசுகிறீர்கள். தம்பி தங்கமானவராக இருக்கலாம். தம்பிக்குக் கல்யாணமாகும், கடன் வரும்.

முதலில் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பாருங்கள். பெயர் மாறவில்லை என்றால், அங்கேயே சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் விண்ணப்பித்து, அம்மா இருக்கும்போதே, எல்லாரும் ஒரே மேசையில் உட்காரும் காலத்திலேயே முடித்துவிடுங்கள். அது முடியும்வரை கூரை ஒழுகலை அடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூரை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. தீபகற்பத்தில் அதிக மழை பெய்யும் ஊர் தைப்பிங், ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். அங்கே பிறந்தவருக்கு நான் சொல்லத் தேவையில்லை என்பீர்கள். ஆனால் பிறந்தபோது நீங்கள் சுவரைப் பார்க்கவில்லை. ஒரு மழைநாள் மாலையில் போய், அலமாரியைச் சுவரைவிட்டு ஒரு முழம் இழுத்துப் பின்னால் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு ஈரக்கோடு, அதன்மேல் உப்புப் பூத்த சுண்ணாம்பு, மூலையில் வெள்ளைப் பூசணம் பிடித்த பழைய தோல் செருப்பு இருந்தால் சாயம் அடித்து மறைக்காதீர்கள். கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

செந்தூல் வீட்டை விற்க என்ன அவசரம்? வாங்கிய ஆறாவது ஆண்டிலிருந்து மலேசியக் குடிமக்களுக்கு வீட்டு விற்பனை ஆதாய வரி கிடையாது. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இன்று விற்றாலும் மூன்றாண்டு கழித்து விற்றாலும் வரியில் வித்தியாசமில்லை. திரும்பி வர நேர்ந்தால் அதே விலைக்கு அந்த வட்டாரத்தில் வாங்க முடியுமா என்று மட்டும் யோசியுங்கள். வாடகைக்கு விடுங்கள். வாடகையை வருமான வரியில் காட்ட வேண்டும். கடனின் வட்டியைக் கழிக்கலாம், அசலைக் கழிக்க முடியாது.

மகளின் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாள் குறிப்பது அதுதான். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. அவள் ஐந்தாம் ஆண்டுக்கு அங்கே போனால் இரண்டு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் தோழிகள் கிடைப்பார்கள், அவர்களோடு சேர்ந்தே இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்குப் போவாள். ஆறாம் ஆண்டின் நடுவில் பிடுங்கி நடாதீர்கள். அங்குள்ள தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், அதனால் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயரோடு அறிந்திருப்பார். நீங்கள் விசாரிக்க வேண்டியது இடைநிலைப்பள்ளியை. 1996 கல்விச் சட்டத்தின்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வழி செய்ய வேண்டும். அது பாட நேரத்துக்குள் நடக்கிறதா, பள்ளி முடிந்தபின் நடக்கிறதா, ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வில் தமிழும் இலக்கியமும் எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பள்ளி முடிந்தபின் என்றால், வெயிலில் பசியோடு காத்திருக்கும் பிள்ளை எத்தனை நாள் தாங்கும் என்று நமக்குத் தெரியும்.

அம்மாவின் மருத்துவத்தில் பெரிய சிக்கல் தெரியவில்லை. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் செலவு மிகக் குறைவு, ஊரிலேயே அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. அவர் ஊர் மாறவில்லை என்பதே பாதி நிம்மதி.

ஆக, போக வேண்டாம் என்கிறேனா? இல்லை. வரிசை தவறு என்கிறேன். உங்கள் தொழில் எங்கும் செல்லுபடியாகும் தொழில். தைப்பிங்கை ஒட்டிக் கமுந்திங் தொழிற்பேட்டை இருக்கிறது. வடக்கே பிறை, பத்து காவான் என்று தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. குளிர்சாதனம் நின்றால் அங்கே உற்பத்தியே நின்றுவிடும். தைப்பிங்கிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கொம்யூட்டர் ரயில் ஓடுகிறது. முதலில் அந்தப் பக்கம் வேலை தேடுங்கள். 4,500 கிடைத்தாலும் அறை வாடகையும் வார ரயிலும் இல்லாமல், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பீர்கள். வேலை உறுதியான பிறகு ஓர் ஆண்டு வாடகை ஒப்பந்தத்தில் செந்தூல் வீட்டை விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. பள்ளி விடுமுறையில் நீங்கள் இல்லாமல் மனைவியும் பிள்ளைகளும் பத்து நாள் அந்த வீட்டில் இருக்கட்டும். நீங்கள் தொலைபேசியில் அறிவுரை சொல்லாதீர்கள். பிறகு எனக்கு இன்னொரு கடிதம் வரட்டும், அதை அவர் எழுதட்டும். தமிழிலோ மலாயிலோ, எதில் எழுதினாலும் சரி.