போர்ட்ஸ்மவுத்துக்கு ஒரு பகல் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கரீபியன் துறைமுக ஊர்களைப் பற்றி நீங்கள் எழுதியபோது டொமினிக்கா தீவின் போர்ட்ஸ்மவுத் பற்றி ஒரே ஒரு பத்தி வந்தது. அதிலிருந்து எனக்கும் மனைவிக்கும் அந்த ஊர் மேல்தான் நினைப்பு. பிப்ரவரியில் லண்டனில் மகள் வீட்டில் இருப்போம். பிரிட்டன் விசாவும் ஷெங்கன் விசாவும் கையில் உள்ளன. டிராவல்ஸ்காரர் ஏழு நாளுக்கு ஒரு திட்டம் தந்திருக்கிறார்: பார்படோஸ், டொமினிக்காவின் தலைநகர் ரோஸோ, அங்கிருந்து படகில் குவாதலூப், பிறகு ஆன்டிகுவா. நடுவில் போர்ட்ஸ்மவுத்துக்கு ஒரு பகல். இது சரியாக வருமா? நாங்கள் சைவம். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. அந்தப் பக்கம் தமிழர்கள் இருக்கிறார்களா என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

சரியாக வராது. ஏழு நாளையும் போர்ட்ஸ்மவுத்துக்கே கொடுங்கள். போக வர ஆகும் நேரம் போனால் ஐந்து நாள் மிஞ்சும். அந்த ஊருக்கு அது அளவானது.

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். டொமினிக்கா வேறு, டொமினிக்கன் ரிபப்ளிக் வேறு. முன்னது ஆங்கிலம் பேசும் சின்ன மலைத்தீவு, பின்னது ஸ்பானிய மொழி பேசும் பெரிய நாடு. இரண்டையும் குழப்பிக்கொண்டு டிக்கெட் போடுவது அடிக்கடி நடக்கிற தவறு. நீங்கள் இறங்க வேண்டிய விமான நிலையம் டக்ளஸ்-சார்ல்ஸ், அதன் குறியீடு டி.ஓ.எம். சான்டோ டொமிங்கோ என்றோ புன்டா கானா என்றோ டிக்கெட்டில் இருந்தால் அது அடுத்த நாடு.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு டொமினிக்காவிலும் பார்படோஸிலும் முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிட முகவரியையும் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். லண்டனிலிருந்து பார்படோஸுக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து டொமினிக்காவுக்குச் சின்ன விமானம்தான். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பார்படோஸில் குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். தீவுகளுக்கு இடையே பறக்கும் விமானங்கள் தாமதமாவதும் ரத்தாவதும் சாதாரணம். அதனால் போகும்போதும் வரும்போதும் பார்படோஸில் ஒரு இரவு தங்குவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியை டிரினிடாட் பக்கம் மாற்றச் சொன்னால் யோசியுங்கள். இந்தியா வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் டிரினிடாட் இருக்கிறது. அங்கே தங்கிவிட்டு ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும்.

குவாதலூப் படகுப் பயணத்தை அடித்துவிடுங்கள். குவாதலூப் பிரான்ஸின் பகுதிதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று விசா ஸ்டிக்கரில் பொதுவாகத் தனியாக எழுதியிருக்க வேண்டும். அது இல்லாமல் ரோஸோ துறைக்குப் போனால் படகில் ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விமான நிலையம் தீவின் வடகிழக்கில், போர்ட்ஸ்மவுத் வடமேற்கில். மலைச்சாலையில் டாக்ஸிக்கு ஒரு மணி நேரம் வரை ஆகும். ரோஸோ தென்மேற்கில் இருக்கிறது, இன்னும் தூரம். ஆகவே ரோஸோவில் அறை எடுத்து இங்கே வந்துபோவது வீண் அலைச்சல். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைக் கேளுங்கள், கூடவே எந்த டாலர் என்றும் கேளுங்கள். உள்ளூர்ப் பணம் கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் நிலையாக வைத்திருக்கிறார்கள். வெறுமனே 'நாற்பது' என்று சொன்னால் எந்த நாற்பது என்று தெரியாமல் தலையாட்டக் கூடாது. சில்லறை உள்ளூர்ப் பணமாகத்தான் திரும்பி வரும். மின்சாரம் 230 வோல்ட், லண்டனில் செருகும் மூன்று சதுரக்கால் பிளக் அங்கேயும் ஆகும்.

எந்தக் கிழமை போகிறீர்கள் என்பது முக்கியம். வியாழனன்று போய்ச் சேருங்கள். சனிக்கிழமைதான் சந்தை, விடிவதற்கு முன்பே தொடங்கி வெயில் ஏறும்போது கலைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், மினிபஸ் அரிது. எனவே ஞாயிறுக்கு வேண்டிய பழம், ரொட்டி எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். மினிபஸ்ஸின் நம்பர் பிளேட் 'எச்' எழுத்தில் தொடங்கும். கால அட்டவணை கிடையாது, ஆள் நிறைந்தால் கிளம்பும். ஏறும்போது குட் மார்னிங் சொல்லிவிட்டு உட்காருங்கள். கடைக்குள் நுழைந்தாலும் அப்படித்தான். வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்பவரிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ராணுவப் புள்ளிச் சட்டை, தொப்பி எதையும் கொண்டுபோகாதீர்கள். பொதுமக்கள் அதை அணிய அங்கே சட்டப்படி தடை. பிப்ரவரி மழை குறைந்த மாதம். ஆனால் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் கார்னிவல், அந்த இரண்டு நாளும் வேறு எந்த வேலையும் நடக்காது. அதைப் பார்க்க ஆசையென்றால் அறையை இப்போதே பிடியுங்கள்.

இனி நான் மனதார சொல்ல விரும்புவது இண்டியன் ரிவரைப் பற்றி. பெயரைப் பார்த்து நம் நாட்டுத் தொடர்பு என்று எண்ண வேண்டாம். கரையில் வாழ்ந்த கலினாகோ பழங்குடிகளை ஐரோப்பியர் 'இண்டியன்' என்று அழைத்ததால் வந்த பெயர் அது. ஊரின் தெற்கு முனையில், பாலத்தருகே, ஆறு கடலில் சேரும் இடத்தில் படகு ஏற வேண்டும். உள்ளே மோட்டார் ஓட்டக் கூடாது, துடுப்பு மட்டுமே. போய்வர ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். உரிமம் பெற்ற படகுக்காரரை முந்தைய நாளே பேசிவைத்து, காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். ஊரை அடுத்துள்ள கேப்ரிட்ஸ் கப்பல்துறைக்குச் சொகுசுக் கப்பல் வரும் நாளில் பத்து மணிக்கு மேல் ஆற்றில் வரிசையாகப் படகுகள் நிற்கும், பறவைகள் விலகிவிடும். முழங்கால் வலிக்கு ஒரு வழி: படகின் விளிம்பில் கால் வைக்காமல் நடுப்பலகையில் வைத்து, படகுக்காரரின் தோளைப் பிடித்தபடி உடனே உட்கார்ந்துவிட வேண்டும். நின்றால்தான் ஆடும்.

இரு கரையிலும் நிற்கும் மரங்களைப் பாருங்கள். அடிமரத்திலிருந்து வேர்கள் சுவர் சுவராகக் கிளம்பி, பாம்பு நெளிவதுபோல் மடிந்து மடிந்து தண்ணீருக்குள் இறங்கும். கீறினால் சிவப்பாகப் பால் வடியும், அதனால் ரத்தமரம் என்கிறார்கள். அது நம் வேங்கையின் இனம். குழந்தையின் நெற்றியில் பொட்டு வைக்க வேங்கைப் பால் எடுப்பவர்களுக்கு அந்தச் சிவப்பு புதிதல்ல. வேர் இடுக்குகளில் நண்டுகள் ஓடும். கிளைகள் மேலே கூடிவிடுவதால் வெளிச்சம் பச்சையாக இறங்கும், துடுப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. ஒரே பகலில் நாலு இடம் பார்க்க வந்தவர்களுக்கு இது கிடைப்பதில்லை. கொசு இருக்கும், டெங்கு உள்ள தீவு அது, முழுக்கைச் சட்டை போடுங்கள்.

கேப்ரிட்ஸ் முனையில் ஷெர்லி கோட்டை. 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் ராணுவத்தின் எட்டாம் மேற்கிந்தியப் படையணியின் கறுப்பின வீரர்கள் இங்கே கலகம் செய்தார்கள். தங்களை வயல் அடிமைகளாக விற்றுவிடுவார்கள் என்று அஞ்சிய வீரர்கள் அவர்கள். கலகத்தை அடக்கிவிட்டார்கள், ஆனால் 1807-இல் பிரிட்டிஷ் படையில் இருந்த அடிமை வீரர்கள் எல்லோருக்கும் விடுதலை வந்தது. 1854-இல் கைவிடப்பட்டுக் காடு மூடிய கோட்டையை 1982 முதல் மீட்டவர் வரலாற்றாசிரியர் லெனக்ஸ் ஹனிசர்ச். கீழ்க்கோட்டை வரை ஏற்றம் மெதுவானது, மனைவியார் நடக்கலாம். மேலே சிதைந்த கட்டடங்களை வேர்கள் கவ்வி நிற்கும் பாதைகள் வழுக்கும், அங்கே நீங்கள் மட்டும் போங்கள்.

கடற்கரையில் ஒரு எச்சரிக்கை. மான்சினீல் என்ற மரம், பழம் சின்னப் பச்சை ஆப்பிள் போல இருக்கும். அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும், பழத்தைக் கடித்தால் தொண்டை வெந்துவிடும். மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே போதும் சுடுவதற்கு. மரத்தைப் படகுக்காரரிடம் கேட்டு அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

சைவம் கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். 'புரொவிஷன்ஸ்' என்றால் மளிகை இல்லை. டஷீன் எனும் பெரிய சேம்புக் கிழங்கு, வள்ளிக்கிழங்கு, வாழைக்காய், ஈரப்பலா எல்லாம் வேகவைத்த தட்டு. சைவத்துக்கு அதுவே கைகொடுக்கும். கல்லலூ சூப் கீரைச்சாறு என்றுதான் தோன்றும், அதில் நண்டோ உப்பிட்ட பன்றி இறைச்சியோ போடுவது வழக்கம். 'நோ மீட்' என்றால் மீன் வரும், மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். ஜமைக்காவில் தோன்றிய சமய மரபைச் சேர்ந்த ராஸ்தாஃபாரிகள் நடத்தும் 'ஐட்டல்' கடை கண்ணில் பட்டால் நல்லது, அங்கே பெரும்பாலும் சைவம்தான், உப்புதான் குறைவாக இருக்கும். ஒரு ஊறுகாய்ப் புட்டியைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழர்களைப் பற்றிக் கேட்டீர்கள். டொமினிக்காவில் நம்மவர்களின் பழைய குடியிருப்பு என்று சொல்லும்படி இல்லை. ஆனால் வானம் தெளிந்த நாளில் கேப்ரிட்ஸ் மேட்டிலிருந்து வடக்கே பாருங்கள். முன்னால் சின்னச் சின்னதாகத் தெரிபவை செயின்ட்ஸ் தீவுகள், பின்னால் மேகம் சுமந்து நிற்பது குவாதலூப். 1854 டிசம்பரில் முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் பலர் தமிழர்கள். கபெஸ்தேர் ஊரில் அவர்கள் வழிவந்தவர்களின் கோயில் இருக்கிறது. அங்கே சமையலில் போடும் மசாலாவுக்கு இன்றும் 'கொலம்போ' என்றுதான் பெயர். அந்தக் கரைக்கும் போக வேண்டும் என்று தோன்றினால் கடல்கடந்த பகுதிகளுக்கான பிரெஞ்சு விசாவுக்கு லண்டன் போவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அதற்கும் தனியாக ஒரு வாரம் வையுங்கள், போர்ட்ஸ்மவுத்தின் ஐந்து நாளில் கை வைக்காமல்.