பனிச்சறுக்குப் பயணம்: குல்மார்க்கா, ஔலியா, கடன் வாங்கி சுவிட்சர்லாந்தா?

கேள்வி: நாங்கள் மதுரை திருநகரில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 95,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 28,000 உட்பட எல்லாச் செலவும் போக 17,000 மிஞ்சும். வங்கியில் 1.6 லட்சம் இருக்கிறது. மூத்தவன் எட்டாம் வகுப்பு, சின்னவள் ஐந்தாம் வகுப்பு. இருவருக்கும் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அரையாண்டு விடுமுறைக்குப் போகலாம் என்றால் காஷ்மீரில் குல்மார்க், உத்தரகண்டில் ஔலி, இமாச்சலில் மணாலி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு டிராவல் ஏஜென்ட், நான்கு பேருக்கு 6.4 லட்சத்தில் ஏழு நாள் சுவிட்சர்லாந்து பேக்கேஜ் இருக்கிறது, கையில் உள்ளது போக மீதிக்கு லோன் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். இந்த வாரமே 20,000 அட்வான்ஸ் கேட்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் அந்த 20,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

லோன் கணக்கைப் பார்த்துவிடுவோம். விசா, துணிமணி எல்லாம் சேர்த்து 5 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, மூன்று வருடம் என்று வைத்தால் மாதத் தவணை கிட்டத்தட்ட 17,100. உங்களுக்கு மிஞ்சுவதே 17,000தான். வட்டி மட்டும் 1.15 லட்சம் போகும், கடன் முடியும்போது மூத்தவன் பதினொன்றாம் வகுப்பில் இருப்பான். அந்த 1.6 லட்சமும் பயணத்துக்கான பணமில்லை, அது உங்கள் அவசர நிதி. ஒருவருக்கு வேலை போனாலோ, வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தாலோ இரண்டு மாதம் தாங்கும், அவ்வளவுதான். அதைத் தொடக் கூடாது.

இன்னொன்றும் கவனியுங்கள். இப்படிப்பட்ட ஏழு நாள் பேக்கேஜ்களில் பெரும்பாலும் ஊருக்கு ஒரு ராத்திரி, யுங்ஃப்ராவ்யோக், டிட்லிஸ் போன்ற பனிமலைகளில் சில மணி நேரம் பனியில் நின்று போட்டோ எடுத்துவிட்டு இறங்குவதுதான் இருக்கும். ஏஜென்ட் கொடுத்த பயணத் திட்டத்தை எடுத்து, எத்தனை நாள் ஸ்கீ (பனிச்சறுக்கு) வகுப்பு என்று எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். தனியாகப் பழக நினைத்தால் பெரிய மலைகளில் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கான பாஸே பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70, 80 சுவிஸ் பிராங்குக்கு மேல், வாத்தியார் கட்டணமும் வாடகையும் அப்புறம். அங்கே போகத் தேவையான ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. பேக்கேஜ் மீது டி.சி.எஸ். என்று முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை உங்கள் பணம் அங்கே முடங்கிக் கிடக்கும்.

மலையைத் தேர்ந்தெடுக்க நான் ஒரே அளவுகோல்தான் வைப்பேன்: மொத்தச் செலவை, பிள்ளைகள் நிஜமாகவே பனியில் சறுக்கப்போகிற நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஓட்டல் விலையை மட்டும் ஒப்பிட்டால் இது தெரியாது. புதிதாகப் பழகுகிறவருக்கு முதல் நாள் நிற்கவும் விழவும் நிறுத்தவுமே சரியாகப் போய்விடும், அதனால் நாலு நாளாவது வேண்டும்.

அந்த நாலு நாளும் பனி இருக்க வேண்டுமே! இங்கேதான் அரையாண்டு விடுமுறை இடிக்கிறது. டிசம்பர் கடைசி வாரம் ஓட்டலும் விமானமும் விலை உச்சத்தில் நிற்கும், நம் மலைகளில் பனி மட்டும் நிச்சயமில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கே காய்ந்த புல்தரையாகக் கிடந்தது, நல்ல பனி பிப்ரவரியை ஒட்டித்தான் விழுந்தது. ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரைதான் நான் பணம் போடுவேன். அப்போதும் உத்தரவாதம் கிடையாது, ஆனால் வாய்ப்பு கூடுதல். அதனால் பொங்கலை வீட்டில் வைத்து, அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டெல்லாம் பார்த்துவிட்டு, குடியரசு தினத்தை ஒட்டி ஒரு வாரம் பள்ளியில் லீவு சொல்லிக் கிளம்புங்கள். அதுவும் வரப்போகிற ஜனவரி வேண்டாம், அதற்கடுத்த ஜனவரி. மூத்தவன் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருப்பான். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் நீங்களே அந்த நேரத்தில் லீவு போட விடமாட்டீர்கள்.

இனி இடம். மணாலி பனி பார்க்க அருமையான ஊர், அடல் சுரங்கம் வந்த பிறகு பக்கத்துச் சோலாங் பள்ளத்தாக்கில் பனி இல்லாவிட்டாலும் சுரங்கத்தைத் தாண்டி சிஸ்ஸு பக்கம் போய்ப் பார்க்கலாம். பனியில் விளையாடினால் போதும் என்றால் அங்கே போங்கள். ஔலி சரிவு நல்ல சரிவு, எதிரே நந்தாதேவி தெரியும். ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரையே 250 கிலோமீட்டர் மலைப்பாதை, போக ஒரு நாள், வர ஒரு நாள் காரிலேயே கரைந்துவிடும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல் விட்டபோது அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. மதுரையிலிருந்து ஒரு வாரத்தில் போய்வர வேண்டிய குடும்பத்துக்கு அது ஒத்துவராது.

உங்களுக்கு நான் சொல்வது குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து 50 கிலோமீட்டர்தான், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். ஊருக்குள்ளேயே புதியவர்கள் பழகும் சின்னச் சரிவுகள் இருக்கின்றன. கொண்டோலா என்கிற கேபிள் காரில் முதல் கட்டம், கொங்டூரி வரை போனால் உங்களுக்குப் போதும். இரண்டாம் கட்டம் ஏறும் அஃபர்வாட் மலை நன்றாகத் தேர்ந்தவர்களுக்கானது, பனிச்சரிவு ஆபத்து உள்ள இடம், அங்கே ஸ்கீயோடு பிள்ளைகளை ஏற்றவே கூடாது. கொண்டோலா டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

பணத்துக்கு வழி: வருகிற ஆகஸ்டிலிருந்து 15 மாதத்துக்கு மாதம் 10,000 ஆர்.டி. போடுங்கள். 6.5 சதவீத வட்டி என்றால் அடுத்த வருடம் நவம்பரில் ஏறக்குறைய 1.56 லட்சம் கைக்கு வரும், டிக்கெட் போட வேண்டிய நேரமும் அதுதான். கடைசி மூன்று மாதச் சேமிப்பு 30,000, இரண்டு தீபாவளி போனஸில் பாதிப் பாதி என்று சேர்த்தால் 2.2 லட்சம் பக்கம் வந்துவிடும். மிச்சமுள்ள 7,000 மாதாமாதம் அவசர நிதிக்குப் போகட்டும். செலவில் விமானத்துக்கு ஒரு லட்சம், ஐந்து இரவு அறைக்கு 45,000, ஸ்கீ வாடகை, வாத்தியார், லிஃப்ட் எல்லாம் சேர்த்து 40,000, கார், சாப்பாட்டுக்கு 30,000 என்று நான் ஒதுக்குவேன். விலை ஏறி இறங்கும், டிக்கெட் போடும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். போக வர டிக்கெட்டை, இடையில் மாறும் விமானங்களோடு சேர்த்து, ஒரே பி.என்.ஆரில் போடுங்கள். பனியால் ஸ்ரீநகர் விமானம் தாமதமாகி டெல்லியில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டால், மாற்றி ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும். திரும்பும்போது ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கீ, பூட், மேல்கோட்டு எதையும் வாங்காதீர்கள், எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். கையுறை மட்டும் தண்ணீர் இறங்காததாக வாங்குங்கள், பிள்ளைக்கு இரண்டு ஜோடி. கம்பளிக் கையுறை பனியில் நாலு தடவை கை ஊன்றினால் நனைந்துவிடும், விரல் மரத்துப்போய்ப் பிள்ளை அழுதுகொண்டே அறைக்குத் திரும்பும், அன்றைக்குக் கட்டிய வாத்தியார் காசு அவ்வளவுதான். அதேபோல வாடகைப் பூட்டை மாட்டியதும் முழங்காலை முன்னால் மடக்கிப் பாருங்கள். உள்ளே குதிகால் தூக்கிக்கொண்டால் அங்கேயே வேறு சைஸ் கேளுங்கள், கடைக்காரர் அட்ஜஸ்ட் ஆகிவிடும் என்று சொன்னாலும் விடாதீர்கள்.

இன்சூரன்ஸ்: சாதாரண டிராவல் பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டுக் காயங்களுக்குப் பணம் வராது, பனி விளையாட்டுக்கான கூடுதல் கவர் கேட்டு எடுங்கள். உங்கள் ஹெல்த் பாலிசியில் பொதுவாகத் தொழில்முறை வீரர்களுக்குத்தான் விலக்கு இருக்கும், ஆனாலும் அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக, தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. ஓ.டி.பி.யும் வராது, ஜிபே ஓட்டுவதும் கஷ்டம். உங்களில் ஒருவர், வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணையே, ஒரு மாதம் முன்னதாக போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். குல்மார்க் ஏறும் வழியில் உள்ள தங்மார்க்கில் பனி அதிகமாகி, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாறச் சொன்னால் அங்கேயே காசு கொடுக்க வேண்டிவரும்.