கேள்வி பதில்: இசை நூதனசாலைக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது?

நூதனசாலைகளில் பொருள் பாதுகாப்பு வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். நம் ஊர்களின் இசைக்கென்று சின்னதாக ஒரு நூதனசாலை தொடங்க ஆசைப்படுகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். பழைய கிராமபோன் என்ன விலை போகும் என்று கேட்பவர்கள் மட்டும் மன்னிக்கவும்.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: கனடாவிலும் லண்டனிலும் உள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தார் கட்டடத்துக்குக் காசு தரத் தயார். காணி பார்க்கலாமா ஐயா?

வேண்டாம். கட்டடத்துக்குக் காசு வரும், கல்வெட்டில் பெயர் விழும் அல்லவா? கரண்ட் பில்லுக்கு யார் தருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், லைன் கட்டாகிவிடும்.

பில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கக் காரணம் இருக்கிறது. கொழும்புக் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேல்தான். 65ஐத் தாண்டி நின்றாலே பூஞ்சணம் பிடிக்கும். அதற்காக ஏசி பூட்டுவார்கள். காலையில் போட்டு, மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதற்கு ஏசி இல்லாமலே இருக்கலாம். பகலில் காய்ந்து இரவில் ஊறினால் வீணையின் பலாக் குடத்தில் மயிரிழையாக வெடிப்பு விடும். தவில் தோல் ஒரு நேரம் விறைக்கும், ஒரு நேரம் தொய்யும். இரவிலும் ஓடுகிற ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று, அதற்குத் தாங்கும் அளவில் ஓர் அறை. இவ்வளவு போதும் தொடங்க. அறையை ஏதாவது ஒரு மண்டபத்திலோ பாடசாலையிலோ இரவல் கேளுங்கள்.

காசுக்கு வழி கோயிலில் இருக்கிறது. பத்தாம் திருவிழா இன்ன குடும்பத்து உபயம் என்றால் தலைமுறை தலைமுறையாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள் இல்லையா? அதே போல ஆவணி மாதம் இன்னார் உபயம், மார்கழி இன்னார் உபயம் என்று பன்னிரண்டு மாதத்தையும் பிரித்துக் கொடுங்கள். அந்த மாதம் வாசலில் அவர்கள் தாத்தாவின் படத்தை வையுங்கள். கல்வெட்டை ஒரு தரம்தான் விற்கலாம், மாதத்தை வருடா வருடம் விற்கலாம்.

தெஹிவளை: பாட்டனாரின் கிராமபோன் இருக்கிறது. என்ன விலை போகும்?

மேலே முதல் பந்தியைப் பார்க்கவும்.

மட்டக்களப்பு, ஆசிரியர்: வெளிநாட்டு உதவி கிடைக்குமா?

கிடைக்கும், கட்டடத்துக்கு இல்லை. பிரித்தானிய நூலகம் 2004 முதல் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைப் படியெடுக்க நிதி தருகிறது. லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகம் 2018இல் இதே போல ஒன்றைத் தொடங்கியது. அது இருபதாம் நூற்றாண்டுப் பொருட்களுக்கு, ஒலிப்பதிவும் சேரும். ஆனால் படியெடுத்ததை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும், உரிமை கையில் இல்லாத பாட்டை அப்படித் திறக்க முடியாது. நம் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி இசைத்தட்டு வெளியிட்டவரின் உரிமை 50 வருடம். பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர் உரிமையோ அவர்கள் காலமாகி 70 வருடம் வரை. 1970இல் வந்த தட்டு பழசாயிற்றே என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்புறம், இந்த நிதிகளும் உங்கள் கரண்ட் பில்லை என்றைக்கும் கட்டிக்கொண்டிருக்காது.

கொட்டாஞ்சேனை, பல்கலைக்கழக மாணவி: டிக்கெட் எவ்வளவு வைக்கலாம்? ஆட்களை எப்படி வரவழைப்பது?

பிள்ளைகளுக்கு இலவசம், மற்றவர்களுக்கு ஒரு பிளேன்டீ விலை. டிக்கெட்டில் லாபம் பார்க்க முடியாது தங்கச்சி. பாடசாலைகள் வராததற்குக் காரணம் டிக்கெட் இல்லை, பஸ் கூலி. அதற்கு ஓர் உபயகாரரைப் பிடியுங்கள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு இருக்கிற பிள்ளைகள் நரம்புக் கருவி, துளைக் கருவி, தோல் கருவி, கஞ்சக் கருவி என்று மனப்பாடம் செய்கிறார்கள். பலர் தவிலைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. ஒரு பிள்ளைக்குத் தவில்காரரின் விரல் கூட்டை மாட்டிக் காட்டினேன். துணியும் பசையும்தான், காய்ந்தால் எலும்பு மாதிரி இருக்கும். அதை மேசையில் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு அம்மம்மாவையும் இழுத்துக்கொண்டு வந்தாள். விளக்க அட்டைகளைச் சிங்களத்திலும் போடுங்கள். கொழும்பில் பாதி ஆட்களைப் பூட்டி வெளியே விட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று அழக்கூடாது.

பம்பலப்பிட்டி, வயலின் ஆசிரியர்: நீங்கள் வேறு இடத்தில் பொப்பிசைக்கும் பைலாவுக்கும் ஒரு சுவர் ஒதுக்கச் சொன்னதாக அறிந்தேன். நூதனசாலையா, கல்யாண வீட்டு பார்ட்டியா?

சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன். கொழும்பில் 1925இல் வானொலி தொடங்கியது. அது இலங்கை வானொலியான பிறகு தமிழ்நாட்டுக்காரர் காதைத் தீட்டிக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அறுபது எழுபதுகளில் நம் பெடியள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தமிழில் பாடினார்கள். அது நம் வட்டாரத்தின் சொந்தச் சரக்கு இல்லையென்றால் எது சொந்தம்?

அதே ஆசிரியர்: பைலா போர்த்துக்கேயர் கொண்டு வந்தது. நம்முடையது அல்ல.

மாஸ்டர், உங்கள் தோளில் இருக்கிற வயலின் திருவாரூரில் முளைத்ததா? பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் வாசிப்பைக் கேட்டுக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டு வந்து இருநூறு வருடந்தான். பைலாவின் வேர் அதைவிடப் பழசு. மட்டக்களப்புப் பறங்கியர் போர்த்துக்கேயர் வழிவந்த கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையை இன்னும் வாசித்து ஆடுகிறார்கள்.

மட்டக்குளி, இளைஞர்: அப்படிப் போடுங்கள் அண்ணை!

தம்பி, கை தட்டாமல் உபயம் பிடித்துத் தாரும்.

பெயர் வேண்டாம் என்றவர்: அப்படியானால் வீணைக்குப் பக்கத்தில் பறையையும் வைப்பீர்களோ?

வைப்பேன். மட்டக்களப்புப் பறைமேளத்தையும் மலையகத் தப்பையும் வாசலிலேயே வைப்பேன். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு மரியாதை தர எனக்கு நேரமில்லை.

அதே வயலின் ஆசிரியர்: சரி, சுவர் வேண்டுமானால் இருக்கட்டும். சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

ஹெட்போன் வைப்போம் மாஸ்டர். இதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டியது.

நுகேகொட: கிராமபோன் ஊசி எங்கே வாங்கலாம்? அப்படியே அதன் விலையும்...

இல்லை.

இணுவில், இப்போது கொழும்பில்: எங்கள் தாத்தாவின் தவிலை நூதனசாலைக்குத் தரலாமா?

தாருங்கள், கடிதத்தோடு. நன்கொடையா, இரவலா, இரவலென்றால் எத்தனை வருடம், கூடப் பிறந்தவர்களுக்குச் சம்மதமா, எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு. நான் இருந்த ஓரிடத்தில் மாலை போட்டு ஒரு நாதஸ்வரம் வாங்கினோம், தாளில் ஒரு வரி இல்லை. இரண்டு வருடம் கழித்து இளைய மகன் வந்தார், “அண்ணன் யார் கொடுப்பதற்கு?” கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கொடுத்தோம். வெறும் பெட்டி அப்படியே கிடந்தது. அதற்குள் பல்பு மட்டும் எரியும், கரண்ட் பில்லில் அதுவும் சேரும்.

கல்கிசை, சபாச் செயலாளர்: எங்கள் சபாவின் பழைய கச்சேரி ஸ்பூல் நாடாக்கள் இரும்பு அலுமாரியில் உள்ளன. திறந்தால் வினாகிரி மணக்கிறது. மழையால் இருக்குமோ?

மழையில்லை அம்மா, நாடா அழுகுகிறது. மற்ற எல்லாவற்றையும் விடுங்கள், இதை இன்றைக்கே பாருங்கள். ஒவ்வொரு ஸ்பூலையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுற்றியிருக்கும் நாடா ஊடாக வெளிச்சம் வந்தால் அது அசிட்டேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் நாடா, அந்த மணம் அதிலிருந்துதான். அந்த ஆவி பக்கத்து நாடாவையும் கெடுக்கும். ஆகவே அவற்றைத் தனியே எடுத்து, பொலித்தீனில் கட்டாமல், குளிரான காய்ந்த அறையில் காற்றோட்டமாக வையுங்கள். ஆசைக்கு ஓடவிட்டுப் பார்க்காதீர்கள், அறுந்துவிடும். படியெடுக்கும்போது முதலில் இவைதான். எத்தனை ஸ்பூல் என்று எண்ணி எழுதுங்கள், சனிக்கிழமை காலை வருகிறேன்.