கோல்ஃப் மைதானத்தில் என்ன உடுத்துகிறார்கள், ஏன்?

தொழில்முறை கோல்ஃப் வீரர்களின் உடை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

டிவியில் வரும் கோல்ஃப் வீரர்களின் டி-ஷர்ட் வியர்வையில் உடம்போடு ஒட்டுவதே இல்லை. நாங்கள் காட்டன் பிக்கேயில் தைத்துக் கொடுத்தால் ‘கனமாக இருக்கிறது’ என்கிறார்கள். அது என்ன துணி? (திருப்பூர்)

பாலியெஸ்டரும், ரப்பர் மாதிரி நீளும் ஸ்பான்டெக்ஸ் இழையும் கலந்த பின்னலாடைத் துணி. பெரும்பாலும் 88 முதல் 92 சதவீதம் பாலியெஸ்டர், மீதி ஸ்பான்டெக்ஸ். மேடு பள்ளமாகப் பின்னிய காட்டன் பிக்கே போலோ 200, 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரும். இந்தத் துணி பெரும்பாலும் 130 முதல் 160 ஜிஎஸ்எம்முக்குள் அடங்கிவிடும். எடையை மட்டும் குறைத்தால் போதாது. காற்றிலுள்ள ஈரத்தைப் பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் வரை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் வாங்குவது 0.4 சதவீதம்தான். அதனால் வியர்வை இழைக்குள் இறங்காமல் இழைகளுக்கு நடுவே பரவி, துணியின் வெளிப்பக்கம் வந்து காய்ந்துவிடுகிறது. நனைந்த பருத்திச் சட்டை தோளிலும் மேல்கையிலும் ஒட்டிப் பிடிக்கும். வலக்கை ஆட்டக்காரர் மட்டையைப் பின்னால் தூக்கும்போது இடக்கை மார்பைக் கடந்து போகிறது. அந்த நேரத்தில் துணி பிடித்து இழுத்தால் தோள் முழுசாகத் திரும்பாது.

தையலில் கெடுவது எங்கே என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஸ்பான்டெக்ஸ் துணிக்கு உருண்டை முனை ஊசிதான் போட வேண்டும். கூர்முனை ஊசி இழையை வெட்டிவிடும், நாலு சலவையில் தையல் ஓரமாகப் பொத்தல் விழும். கை அடிச் சுற்றில் சாதாரண லாக் ஸ்டிச் போட்டால் துணி நீளும், நூல் நீளாது, தையல் தெறிக்கும். அங்கே துணியோடு சேர்ந்து நீளும் ஓவர்லாக் தையல்தான். காலர் உள்ளே வைக்கும் ஒட்டுத்துணி மேல் துணியைவிட அதிகம் சுருங்கினால் காலர் முனை அலை அலையாகச் சுருண்டுகொள்ளும். ஒட்டுவதற்கு முன்பே இரண்டையும் துவைத்துச் சுருக்கம் பாருங்கள்.

இன்னொன்று, சிவப்புச் சட்டையில் வெள்ளை லோகோ. லோகோவைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் ஹீட் பிரஸ்ஸின் சூடு அதிகமானால் பாலியெஸ்டரில் ஏறிய சாயம் கிளம்பி லோகோவுக்குள் போய்விடும். பிரஸ்ஸிலிருந்து எடுக்கும்போது வெள்ளையாக இருந்தது, பெட்டியில் இரண்டு நாள் கிடந்தபின் ரோஸ் நிறமாகியிருக்கும். குறைந்த சூட்டில் ஒட்டும், சாயத்தைத் தடுக்கும் லோகோ கேட்டு வாங்குங்கள். வாங்குபவருக்குச் சலவைக் குறிப்பும் வையுங்கள்: உள்பக்கம் வெளியே திருப்பி, 30 டிகிரி தண்ணீரில், துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல். அந்தத் திரவம் இழை மேல் படிந்தால் வியர்வை பரவாது.

சிவப்பு என்றதும் டைகர் வுட்ஸ் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் சிவப்பு? (மதுரை)

போட்டியின் கடைசிச் சுற்று பொதுவாக ஞாயிறு. சிவப்பு அவருக்கு வலிமை தரும் நிறம் என்று அவர் அம்மா சொன்னதால் அந்த வழக்கம் வந்தது. 2024 ஜனவரியில் நைக்கியுடன் இருந்த 27 வருட உறவு முடிந்தது. அடுத்த மாதமே டெய்லர்மேட் நிறுவனத்தோடு சேர்ந்து ‘சன் டே ரெட்’ என்ற உடை வரிசையைத் தொடங்கினார். அதன் புலிச் சின்னத்தில் 15 கோடுகள், அவர் வென்ற 15 மேஜர் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்களுக்கு.

கொளுத்தும் வெயிலிலும் முழு பேன்ட் போட்டுத்தான் ஆடுகிறார்கள். ஷார்ட்ஸ் போடக் கூடாது என்று விதி இருக்கிறதா? (கோலாலம்பூர்)

கோல்ஃப் விதிப் புத்தகத்தில் உடை பற்றி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. போட்டியை நடத்துகிறவர்கள் போடுவதுதான். ஐரோப்பாவின் தொழில்முறைப் போட்டித் தொடரான ஐரோப்பிய டூர் 2016 ஜனவரியில் பயிற்சிச் சுற்றுக்கு ஷார்ட்ஸை அனுமதித்தது. அமெரிக்காவின் பிஜிஏ டூர் 2019 பிப்ரவரியில் பயிற்சிக்கும், அமெச்சூர்களோடு சேர்ந்து ஆடும் புரோ-ஆம் ஆட்டத்துக்கும் அனுமதித்தது. அதிலும் முழங்கால் வரை நீளம் இருக்க வேண்டும், உள்ளே இறுக்கமான லெகிங்ஸ் போட்டால் அது ஒரே நிறமாக இருக்க வேண்டும். போட்டிச் சுற்றில் இன்றும் முழு பேன்ட்தான். போட்டித் தொடரான லிவ் கோல்ஃப் 2022 செப்டம்பரில் போட்டிக்கே ஷார்ட்ஸை அனுமதித்துவிட்டது. பை சுமக்கும் கேடிகளுக்கு பிஜிஏ டூரில் 1999 முதலே அனுமதி உண்டு. சுமப்பவருக்குப் பொருந்தும் நியாயம் ஆடுபவருக்கும் பொருந்த வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

அதுவரை அவர்கள் சமாளிப்பது பேன்ட்டின் வேலைப்பாட்டில். அதுவும் பாலியெஸ்டர் ஸ்பான்டெக்ஸ்தான், வெளிர் நிறம், மெல்லிய நெசவு. இடுப்புப் பட்டியின் உள்பக்கம் ரப்பர் போன்ற சிலிக்கான் கோடுகள் ஓடும். அவைதான் உள்ளே செருகிய சட்டையை ஸ்விங்கின்போது வெளியே வராமல் பிடிக்கின்றன. பின் பாக்கெட்டில் மைதானத்தின் தூரங்களைக் குறித்த குறிப்பேடும் கையுறையும், முன் பாக்கெட்டில் டீயும் (பந்தைத் தாங்கும் சிறு ஆணி) பந்து இருந்த இடத்தைக் குறிக்கும் மார்க்கரும். பாக்கெட் ஆழம் போதாவிட்டால் குனியும்போதெல்லாம் ஏதாவது விழும்.

மழைக்கோட் போட்டால் என்னால் ஸ்விங்கே பண்ண முடிவதில்லை. பெரிய வீரர்கள் என்ன செய்கிறார்கள்? (கொடைக்கானல்)

ஒருவர் கத்தரிக்கோல் எடுத்தார். 1999 ஜூன் 20, அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட், யுஎஸ் ஓபன் கடைசி நாள். குளிர், தூறல். பந்தடித்துப் பழகும்போது மழை ஜாக்கெட்டின் கை தடுக்கிறது என்று பட்டதும் பெய்ன் ஸ்டூவர்ட் இரண்டு கைகளையும் வெட்டி எடுத்துவிட்டார். உடம்பு நனையாமல், கை சுதந்திரமாக, அந்த வெட்டின ஜாக்கெட்டோடு ஆடி 18-ஆவது குழியில் 15 அடி தூரத்திலிருந்து ‘பட்’ (பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் விழவைக்கும் அடி) போட்டு, ஃபில் மிக்கெல்சனை ஒரே ஒரு ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் வென்றார். அந்த அக்டோபரில் விமான விபத்தில் காலமானார். ஒற்றைக்காலில் நின்று கையை நீட்டும் அவர் சிலை இன்றும் பைன்ஹர்ஸ்ட்டில் நிற்கிறது.

அவர் எப்போதும் போட்டது பிளஸ் ஃபோர். முழங்காலுக்குக் கீழே நாலு அங்குலம் கூடுதலாகத் துணி விட்டு மடக்கிக் கட்டும் அரைக்கால் உடை, கூடவே நீளக் காலுறை. ஈரப் புல்லில் பேன்ட் நுனி நனையாது, காலை அகற்றி நிற்கவும் வசதி. 2014-இல் யுஎஸ் ஓபன் மறுபடி பைன்ஹர்ஸ்ட் வந்தபோது, ரிக்கி ஃபவுலர் முதல் சுற்றை ஸ்டூவர்ட் நினைவாக அதே உடையில் ஆடினார்.

உங்கள் மழைக்கோட்டை வெட்ட வேண்டாம். நீர் புகாத துணியில் நீட்சி குறைவு, சிக்கல் அக்குளில்தான். வாங்கும்போது உள்ளே நீங்கள் வழக்கமாகப் போடும் டி-ஷர்ட்டும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு மட்டையை முழுக்கத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட்டின் அடி ஓரம் பெல்ட்டுக்கு மேலே ஏறினால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. அரைக்கை மழை ஜாக்கெட் விற்கிறார்கள், அதைத் தேடுங்கள்.

ஒரு கையில் மட்டும் கிளவுஸ் ஏன்? என்னுடையது ஒரு மாதத்தில் அட்டை மாதிரி விறைத்துவிடுகிறது. (கோயம்புத்தூர்)

வலக்கை ஆட்டக்காரருக்கு மட்டையைக் கெட்டியாகப் பிடிப்பது இடக்கையின் கடைசி மூன்று விரல்கள். நழுவலும் உராய்வும் அங்கே. வலக்கை விரல்கள் உணர்வுக்கு, அதனால் வெறுங்கை. பட் போடும்போது நிறையப் பேர் இடக்கைக் கிளவுஸையும் கழற்றிவிடுவார்கள். ஜாக் நிக்லாஸ் கழற்றாமலே ஆடினார்.

நல்ல கிளவுஸ் கேப்ரெட்டா என்ற செம்மறித் தோல், தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வியர்வையின் உப்பு தோலில் தங்கி, எண்ணெய்ப் பசை போய்விடுவதால்தான் விறைக்கிறது. ஆட்டம் முடிந்ததும் சுருட்டிப் பைக்குள் திணிக்காதீர்கள். விரல்களை நீவி, தட்டையாக விரித்து நிழலில் காயவிடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் முழுசாகக் காய நேரம் கிடைக்கும். தொழில்முறை வீரர்கள் ஒரே சுற்றில் பல கிளவுஸ் மாற்றுவது இதற்காகத்தான்.

அளவு பார்க்கும்போது வெல்க்ரோ பட்டை கடைசி வரை போய் ஒட்டினால் கிளவுஸ் பெரிது. தோல் நீளும், அதனால் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் சீக்கிரம் தேய்கிறது என்றால் மட்டையை விரல்களில் பிடிக்காமல் உள்ளங்கையில் பிடிக்கிறீர்கள்.

ஒரு வீரர் பேன்ட் அழுக்காகாமல் இருக்கத் துண்டு விரித்ததற்காகப் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார் என்கிறார்களே, உண்மையா? (சென்னை)

உண்மை. கிரெய்க் ஸ்டாட்லர், 1987, சான் டியேகோவின் டாரி பைன்ஸ் மைதானம், மூன்றாவது சுற்று. 14-ஆவது குழியில் பந்து ஒரு பைன் மரத்தின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் போய் நின்றது. நின்று அடிக்க வழியில்லை, மண்டியிட வேண்டும். தரை ஈரம். ஒரு துண்டை விரித்து அதன்மேல் மண்டியிட்டு அடித்தார். மறுநாள் அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது பார்த்தவர்கள் ஃபோன் செய்தார்கள். நிற்கும் இடத்தை ஒரு பொருளை வைத்து மாற்றி அமைப்பது விதிமீறல், இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. அது சேராத ஸ்கோர் அட்டையில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்ததால் நீக்கம். 1995-இல் அந்த மரம் நோய் கண்டு வெட்டப்பட்டபோது அவரையே கூப்பிட்டு அறுக்கச் சொன்னார்கள்.

துண்டு விரிப்பது இன்றும் தப்புத்தான், விதி 8.1. ஆனால் தண்டனை உண்டென்று தெரியாமல் கையெழுத்திட்டவரை இப்போது நீக்குவதில்லை, அந்த இரண்டு ஸ்ட்ரோக்கை மட்டும் கூட்டுவார்கள். பையிலிருந்து மழை பேன்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மண்டியிடலாம், அதற்குத் தடையில்லை.

முள் வைத்த ஷூவா, முள் இல்லாததா? (உதகை)

2010 மாஸ்டர்ஸ் போட்டியில் ஃப்ரெட் கபிள்ஸ் முள் இல்லாத ஷூ போட்டு ஆடியபின் அது பரவலாகிவிட்டது. ஆனால் உதகையின் பனி ஈரத்துக்கும் சரிவுக்கும் பிளாஸ்டிக் முள் வைத்ததே சரி. பாதியளவு தேய்ந்ததும் மாற்றுங்கள், மாற்றும்போது திருகு துளையில் உள்ள மண்ணைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு மாட்டுங்கள். மண் இருந்தால் முள் முழுசாகப் பூட்டாது, நடுவில் கழன்று விழும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். அடுப்பருகே வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும்.