சக்கரம் வைத்த சமையலறை

அன்புள்ள சார்,

நானும் மனைவியும் டாலஸில் இருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இந்தக் கோடையில் 28 அடி ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து மலைப்பக்கம் போகலாம் என்று திட்டம். சால்ட் லேக் சிட்டி வரை விமானம், அங்கிருந்து கிராண்ட் டீடன், யெல்லோஸ்டோன், கிளேசியர் தேசியப் பூங்காக்கள், முடிந்தால் கனடாவுக்குள் பான்ஃப் வரை. 12 நாள், 2,400 மைல். எக்செல் ஷீட்டை இணைத்துள்ளேன்.

மனைவிதான் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறாள். "அதே அடுப்பு, அதே பாத்திரம், சக்கரம் மட்டும்தான் கூடுதல். இதில் எனக்கென்ன லீவு?" என்று கேட்கிறாள். நீங்கள் உங்கள் மனைவியோடு ஐடஹோ பக்கம் ஆர்வியில் போய்வந்ததாக ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். என் திட்டம் சரிதானா? இவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் எக்செல்லைப் பார்த்தேன். எந்த ஊரில் எத்தனை மணிக்குப் பெட்ரோல் போடுவது என்பதுவரை இருக்கிறது. வண்டியின் நீளமும் உங்கள் மனைவியும்தான் அதில் எங்கேயும் இல்லை.

நீளத்தை முதலில் பார்த்துவிடலாம். ஏழாம் நாள் கிளேசியரில் 'கோயிங் டு தி சன்' சாலை என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கும், பக்கக் கண்ணாடியோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமான வண்டிக்கும் அனுமதி கிடையாது. 1933இல் திறந்த சாலை அது, பாறையை ஒட்டி வெட்டிய வளைவுகள். உங்கள் 28 அடி அதில் ஏறாது. மூன்றாம் நாள் டீடன் கணவாய், 10 சதவீதச் சரிவு. ஆர்வியை முதன்முதலாக ஓட்டுகிறவர் மூன்றாம் நாளே போய் நிற்க வேண்டிய இடமல்ல.

அப்புறம் ஒரு நாளைக்கு 200 மைல் என்ற கணக்கு. காரில் அது மூன்றரை மணி நேரம். மலைச்சாலையில் ஆர்வியை 45 மைல் வேகத்துக்கு மேல் ஓட்ட உங்களுக்கே மனம் வராது. போய்ச் சேர்ந்தபின் வண்டியைப் பின்னால் எடுத்து இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பார்த்து, தண்ணீர், கரண்ட் இணைப்பு கொடுத்து முடிக்க நேரமாகும். காலையில் அத்தனையையும் கழற்ற வேண்டும். பன்னிரண்டு நாளும் இப்படியென்றால் மலையைக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

ஆர்வியில் போகிறவர்கள் சிகரத்தை வைத்து வழி போடுவதைவிட ஆற்றை வைத்துப் போடுவது நல்லது என்பது என் கட்சி. மலையில் எங்கே சரிவு குறைவு என்று தண்ணீர் எப்போதோ கண்டுபிடித்து வைத்துவிட்டது. சாலை போட்டவர்கள் பெரும்பாலும் அதன் கரையைத்தான் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஓர் ஆற்றை விட்டு இன்னொரு ஆற்றுக்கு மாறும் கணவாயில் மட்டும்தான் ஏற்ற இறக்கம் கடுமையாக இருக்கும். மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் தண்ணீர் ஓடும், வண்டியும் முனகாது.

நாங்கள் போனது அப்படி ஒரு வழி. சால்ட் லேக் சிட்டிக்குப் பதில் ஐடஹோவின் பாய்சியில் இறங்குங்கள். கெட்சம் வழியாக 75ஆம் எண் சாலையில் பிக் வுட் ஆற்றோடு ஏறினால் 8,701 அடியில் கெலீனா கணவாய். அதைத் தாண்டியதும் கீழே ஒரு பெரிய பள்ளத்தாக்கு தெரியும். சால்மன் ஆறு பிறக்கும் இடம் அது. ஸ்டேன்லி ஊர்ப்பக்கம் வந்து பார்த்தால், பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கலாம் போலிருக்கும். அந்த ஆறு ஐடஹோ எல்லையைத் தாண்டாமலே சுமார் 425 மைல் ஓடுகிறது.

ஸ்டேன்லிக்குப் பக்கத்தில் ரெட்ஃபிஷ் ஏரி. கடலிலிருந்து 900 மைல் நீந்தி, 6,500 அடி உயரம் ஏறி, சாக்கை சால்மன் மீன்கள் முட்டையிட வரும் இடம். வழியில் கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளில் எட்டு அணைகள். 1992இல் இந்த ஏரிக்கு ஒரே ஒரு சாக்கைதான் திரும்பி வந்தது. அதற்கு 'லோன்சம் லாரி' (தனிமையான லாரி, லாரி என்பது ஆள் பெயர்) என்று பெயரே வைத்துவிட்டார்கள். அங்கே இரண்டு இரவாவது தங்குங்கள். கோடையிலும் விடியற்காலையில் உறைபனி விழும் ஊர், தண்ணீர்க் குழாயை இரவில் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

அங்கிருந்து ஆற்றோடே சாலிஸ், சால்மன் ஊர். அமெரிக்காவின் மேற்கே கடல் வரை வழி தேடிப் போன லூயிஸ், கிளார்க் குழுவோடு சென்ற பழங்குடிப் பெண் சகாகவியா பிறந்தது இந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில்தான். 1805 ஆகஸ்டில் கிளார்க் இந்த ஆற்றின் வழியே கடலுக்குப் போக முடியுமா என்று பார்க்க வந்தார். கீழே போகப் போகச் செங்குத்துப் பாறையும் நுரைக்கும் தண்ணீரும். படகும் போகாது, கரையில் குதிரையும் நடக்காது என்று திரும்பிவிட்டார். இன்றைக்கும் அந்த நடுப்பகுதியில் குறுக்கே போகும் சாலை கிடையாது. 1980இல் காப்புக்காடாக அறிவித்த 20 லட்சம் ஏக்கருக்கும் மேலான வனம் அது.

ஆக, நீங்களும் அவர்களைப் போலவே வடக்கே சுற்றித்தான் போக வேண்டும். லாஸ்ட் டிரெயில் கணவாயைத் தாண்டி மொன்டானாவுக்குள் பிட்டர்ரூட் ஆறு, லோலோ ஊர், பிறகு மேற்கே 12ஆம் எண் சாலை. லோலோவிலேயே டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த 99 மைலுக்கு வளைவுச் சாலை என்று போர்டு இருக்கும், போன் சிக்னலும் இருக்காது. லாக்சா ஆறு கூடவே வரும். 1805 செப்டம்பரில் அந்தக் குழு இந்த மலைமுதுகின் மேலே பனியில் மாட்டிக்கொண்டு குதிரைக்குட்டியை அடித்துத் தின்றது. மறுபக்கம் இறங்கியபோது நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள்தான் கிழங்கும் காய்ந்த மீனும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 72 ஆண்டு கழித்து அதே மக்களை அமெரிக்க ராணுவம் இதே லோலோ வழியாகத் துரத்தியது. கீழே நதியோரமாக இன்றைய சாலை முழுமையானது 1962இல்தான்.

அந்தச் சாலை லூயிஸ்டன் ஊருக்குக் கொண்டுபோய் விடும். கடலிலிருந்து 465 மைல் உள்ளே இருந்தும் அது துறைமுகம். லோன்சம் லாரி மீனின் இனத்துக்கு வழி மறித்த அதே அணைகள்தான் சரக்குப் படகு வர வழி செய்தவை. அங்கிருந்து 95ஆம் எண் சாலையில் தெற்கே வந்தால் வைட் பேர்ட் மலை. இறங்கியதும் சாலையோரம் அகலமாக ஓர் ஆறு. ஸ்டேன்லியில் கால் நனைத்த அதே சால்மன், நாம் சுற்றிவந்த வனத்தை நடுவே அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. நான் அடையாளம் தெரியாமல் அது எந்த ஆறு என்று கேட்டேன், மனைவிக்கு ஏக எரிச்சல். ரிகின்ஸ், மெக்கால் வழியாகத் திரும்பப் பாய்சி. மொத்தம் ஆயிரம் மைலுக்குள் அடங்கும்.

சரி, இனி உங்கள் மனைவி கேட்டது. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆர்வி பார்க்கில் மாலையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஆண்கள் வெளியே குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் உள்ளே அடுப்படியில். வீட்டில் எப்படியோ அப்படித்தான்.

எங்கள் வீட்டம்மா கிளம்புமுன்பே ஒரு சட்டம் போட்டார். அன்றைக்கு ஓட்டுகிறவர் சமைக்க வேண்டாம், சமைக்கிறவர் கழிவுநீர்க் குழாயைத் தொட வேண்டாம், மறுநாள் எல்லாம் இடம் மாறும். வைட் பேர்டில் ஏழு மைலுக்கு மேல் 7 சதவீதச் சரிவு. அதில் வண்டியை இறக்கியது அவர்தான். உச்சியிலேயே கியரைக் குறைத்துவிட்டார். வேகம் கூடினால் மட்டும் பிரேக்கை ஒரு மிதி மிதித்து விடுவார். காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்கவில்லை.

கழிவுநீர் வேலையையும் இருவரும் கற்றுக்கொள்ளுங்கள். கையுறை, குழாயின் கொக்கி நன்றாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு திருகு. முதலில் கழிப்பறை டாங்கைத் திறக்க வேண்டும். சத்தம் சன்னமானதும் அதை மூடிவிட்டு, குளியல், பாத்திரத் தண்ணீர் டாங்கைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். வரிசை மாறினால் குழாயை மோந்து பார்க்காமலே தெரியும்.

உங்கள் மனைவிக்கு நல்ல சேதியும் அந்த டாங்கில்தான் இருக்கிறது. பாத்திரத் தண்ணீர் டாங்க் இந்த அளவு வண்டியில் பெரும்பாலும் 30, 40 காலன்தான். காட்டுக்குள் இருக்கும் அரசு முகாம்களில் பல இடங்களில் இணைப்பு எதுவும் கிடையாது, மூன்று நாள் அதிலேயே ஓட்ட வேண்டும். சாம்பார், பொரியல், ரசம், அப்பளம் என்று போனால் இரண்டாம் நாளே நிறைந்துவிடும். எண்ணெய்த் தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவவே முடியும். ஒரு குக்கர், ஒரு வாணலி, இரண்டு தட்டு. குக்கர் அவசியம். ஸ்டேன்லி 6,200 அடிக்கு மேல், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. கிளம்புமுன் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் செய்து எடுத்துக்கொள்ளுங்கள். செய்வது நீங்களாக இருக்கட்டும். சாப்பிட்டதும் மிச்சத்தை வெளி மேசையில் விட்டுவிடாதீர்கள், கரடி வரும்.

அவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்த எக்செல்லை அவரிடம் கொடுத்துவிடுங்கள். எந்த ஆற்றோரம் எத்தனை நாள் என்று அவர் எழுதட்டும். அவர் "வேண்டாம், மோட்டலில் தங்கலாம்" என்று எழுதினால் காரிலேயே போய்வாருங்கள், வழி அதேதான்.

ஆகஸ்டில் போகாதீர்கள், அங்கே காட்டுத்தீப் புகை அதிகம். செப்டம்பரில் லேபர் டே விடுமுறை முடிந்தபின் கூட்டமும் குறையும். ரெட்ஃபிஷ் ஏரி முகாமுக்கு மட்டும் இப்போதே பதிவு செய்ய முடிகிறதா என்று பாருங்கள். 28 அடி வேண்டாம், 24 போதும்.