உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி: பீட்டா-கேட்டனின் உட்கருவில் பாசிட்டிவ் என்றால் என்ன?

பரோட்டிட் சுரப்பிக் (காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) கட்டியின் பயாப்சி ரிப்போர்ட்டில் "ஈ-கேடரின் சவ்வில் பாசிட்டிவ், பீட்டா-கேட்டனின் உட்கருவில் பாசிட்டிவ்" என்றிருந்தால் அது புற்றுநோயா என்பது கேள்வி.

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஈ-கேடரின், கால்சியத்தின் துணையோடு அடுத்தடுத்த செல்களைப் பிணைக்கும் புரதம். அதன் உள்முனையைப் பிடித்திருப்பது பீட்டா-கேட்டனின். இவற்றைக் காட்டும் சாயமிட்டால், சுரப்பியின் இயல்பான உமிழ்நீர் நாளங்களில் இரண்டுமே செல்லின் ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடாகத் தெரியும். ஈ-கேடரின் குறைந்தால் செல்கள் பிரிந்து ஊடுருவுவது எளிதாகும். ஆனாலும் நரம்பைச் சுற்றிப் பரவும் புற்றுநோயான அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவிலேயே அது பல நேரம் நன்றாக இருக்கும். ஆகவே ஈ-கேடரின் பாசிட்டிவ் என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம்.

கட்டியின் வகையைப் பிரித்தறிய உண்மையில் உதவுவது பீட்டா-கேட்டனின்தான். அதை உருவாக்கும் சி.டி.என்.என்.பி.1 மரபணுவில் பிறழ்வு ஏற்பட்டால் அந்தப் புரதம் சிதைக்கப்படாமல் சேர்ந்து உட்கருவுக்குள் போய்விடும். புற்றுநோயல்லாத கட்டியான பேசல் செல் அடினோமாவில் இது அடிக்கடி காணப்படும். அடினாய்டு சிஸ்டிக்கில் அரிது. ஆனால் அடினோமாவின் புற்றுநோய் இணையான பேசல் செல் அடினோகார்சினோமாவிலும் வரலாம். பேசல் செல் அடினோமாவையும் அடினோகார்சினோமாவையும் பிரிப்பது சாயம் அல்ல, கட்டி சுற்றுத் திசுவுக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பதே.

உட்கருச் சாயம் பெரும்பாலும் கட்டி முழுக்கப் பரவியிருக்காது, திட்டுத்திட்டாகவே இருக்கும். ஊசி பயாப்சியில் அது தவறிப்போகலாம். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போதிய நேரம் ஊறாத திசுவும் பொய் நெகட்டிவ் காட்டலாம். அதே ஸ்லைடில் இயல்பான நாளங்களின் ஓரக்கோடு தெரியவில்லை என்றால் அந்த நெகட்டிவை நம்பாமல் மீண்டும் சாயமிடச் சொல்ல வேண்டும்.